நகையை முதலில் மீட்க வேண்டுமா? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், மாதச் சம்பளம் 33,000 ரூபாய். நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்தில் 19,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். வாடகை, மளிகை, மகளின் பள்ளிக் கட்டணம், பெட்ரோல், மாமியாரின் மருந்து எல்லாம் சேர்ந்து 34,500 ரூபாய் ஆகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மாமனாரின் மருத்துவச் செலவுக்காக என் 12 பவுன் நகையை (ஆரம் 5, வளையல் 4, சங்கிலி 3) வங்கியில் வைத்து 2,40,000 ரூபாய் வாங்கினோம். ஆண்டுதோறும் ஒன்பதரை சதவீத வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோம். கணவரின் சித்தப்பா மகனிடம் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு லட்ச ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினோம். மாதம் 2,000 தவறாமல் கொடுத்து வருகிறோம். கிரெடிட் கார்டில் 48,000 ரூபாய் நிலுவை. குறைந்தபட்சத் தொகையான 2,400 ரூபாயை மட்டும் கட்டுகிறோம். பைக் தவணை 3,600 ரூபாய், இன்னும் ஏழு மாதம். பதிவு பெற்ற நிறுவனத்தில் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று இருக்கிறது. இருபது மாதத்தில் எட்டு முடிந்துவிட்டது, கழிவு போக மாதம் 4,400 ரூபாய் கட்டுகிறோம், இன்னும் எடுக்கவில்லை. இந்தத் தீபாவளிக்குக் கணவருக்கு 38,000 ரூபாய் போனஸ் வந்தது. அடுத்த தைக்கு அடுத்த தையில் என் அண்ணன் மகளின் திருமணம். வெறும் மஞ்சள் கயிற்றோடு போய் நிற்க மனம் வரவில்லை என்பதால், போனஸையும் சீட்டுப் பணத்தையும் போட்டு முதலில் நகையை மீட்கலாம் என்கிறேன். கணவரோ தவணையில் ஒரு மனை வாங்கிப் போடலாம் என்கிறார். மகன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. மகளுக்கு எட்டரை வயது. எதை முதலில் செய்வது, கடன் முடிந்த பிறகு எதற்காகச் சேமிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: ஒவ்வொரு தொகையையும் பிரித்து எழுதியிருக்கிறீர்கள், சகோதரி, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். ஆனால், கடன்களை அவை மனத்தில் உறுத்தும் வரிசையில் அடுக்கியிருக்கிறீர்கள். அவை பணத்தைத் தின்னும் வரிசை வேறு.

நம் ஊரில் வட்டியை இரண்டு மொழிகளில் பேசுகிறோம். வங்கியில் பேசுவது ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்ற கணக்கு. வெளியில் பேசுவது நூறு ரூபாய்க்கு மாதம் இத்தனை ரூபாய் என்ற கணக்கு. வங்கி மேலாளர் பதினொரு சதவீதம் என்றதும் முகம் சுளிக்கிறவரே, இரண்டு வட்டிக்குக் கொடுத்த உறவினரைப் பற்றி, "தெரிந்தவர், நியாயமாகத்தான் வாங்குகிறார்" என்று நன்றியோடு பேசுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். மூன்று ஆண்டுகளில் 72,000 ரூபாய் கொடுத்துவிட்டீர்கள், வாங்கிய ஒரு லட்சம் அப்படியே நிற்கிறது.

கிரெடிட் கார்டு இதையும் விழுங்கிவிடும். பெரும்பாலான அட்டைகளில் நிலுவைக்கு மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி விழுகிறது. உங்கள் அட்டையிலும் அதுவே என்று வைத்துக்கொண்டால் 48,000 ரூபாய்க்கு 1,680 ரூபாய் வட்டி, அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 302 ரூபாய். நீங்கள் கட்டும் 2,400 ரூபாயில் அசலில் கழிவது நானூற்றுச் சொச்சம் மட்டுமே. நிலுவை இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வழக்கமான வட்டியில்லாக் காலம் கிடையாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால், உங்களை அதிகம் வருத்தும் நகைக்கடன்தான் உங்களிடம் உள்ளவற்றில் மலிவான கடன். ஆகவே நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது: நகையை இப்போது மீட்க வேண்டாம், அதே நகையின்மேல் இன்னும் கொஞ்சம் வாங்குங்கள். நீங்கள் அடகு வைத்த நாளில் இருந்த தங்கத்தின் விலை இன்று இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது. அதனால் அதே 12 பவுனுக்கு வங்கி கூடுதலாகக் கடன் தரும். இந்த முறை வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கும்போது 3,50,000 ரூபாயாக வாங்குங்கள். கூடுதலாக வரும் 1,10,000 ரூபாயில் ஒரு லட்சத்தைக் கணவரின் தம்பி முறைக்காரரிடம் கொடுத்துக் கணக்கை முடியுங்கள். மீதிப் பத்தாயிரத்தையும் போனஸ் 38,000 ரூபாயையும் சேர்த்து கார்டை ஒரே தடவையில் அடையுங்கள். அந்த ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய் போய்க்கொண்டிருந்த இடத்தில் இனி 9,500 ரூபாய்தான் போகும்.

உறவினருக்குப் பணம் கொடுக்கும் நாளில் எழுதிக் கொடுத்த புரோநோட்டைக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை ஏதும் கொடுத்திருந்தால் அதையும் கேளுங்கள். "பீரோவில் எங்கேயோ இருக்கும், அப்புறம் தருகிறேன்" என்ற பதில் வந்தால், பணம் முழுவதும் பெற்றுக்கொண்டதாகத் தேதியிட்டு ஒரு ரசீதாவது எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள். உறவு என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கும்; பிற்காலத்தில் இருவரின் பிள்ளைகளுக்குள் சச்சரவு வராமல் காப்பது அந்தத் தாள்தான். கார்டைப் பொறுத்தவரை, முழுத்தொகையையும் கட்டிய பிறகும் அடுத்த மாத அறிக்கையில் சில நூறு ரூபாய் வட்டி எட்டிப் பார்க்கக்கூடும். இடைப்பட்ட நாள்களுக்கான வட்டி அது. அதையும் கட்டி, நிலுவை பூஜ்யம் என்று கண்ணால் பார்த்த பிறகு சில மாதங்களுக்கு அட்டையைத் தொடாமல் இருங்கள்.

இனி நகை. 12 பவுனையும் ஒரே கடனாக வைத்தால், முழுக் கடனையும் அடைக்கும்வரை ஒரு குண்டுமணி கூட வீட்டுக்கு வராது. புதுப்பிக்கும்போது மூன்று தனித்தனிக் கடன்களாக வைத்துத் தரும்படி கேளுங்கள்: சங்கிலிக்கு 80,000, வளையலுக்கு 1,20,000, ஆரத்துக்கு 1,50,000. மதிப்பீட்டாளர் கட்டணம் மூன்று முறை ஆகும், பரவாயில்லை. மூன்றுக்கும் வட்டியைக் கட்டிக்கொண்டு, அசலில் போவதை எல்லாம் முதலில் சங்கிலிக் கடனில் மட்டும் வரவு வையுங்கள். பெரும்பாலான வங்கிகளில் நகைக்கடனுக்கு இடையிடையே அசலில் கட்டலாம். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டலாம் என்று தள்ளிப்போடும் பழக்கம்தான் நான்கு ஆண்டுகளாக உங்கள் அசலைத் தொடவிடாமல் வைத்திருந்தது.

மாதம் எவ்வளவு கட்ட முடியும்? உங்கள் கணக்குப்படி 17,500 ரூபாய் மிஞ்ச வேண்டும். பைக், சீட்டு, உறவினர் வட்டி, கார்டு, நகை வட்டிக்கு மாதவாரியாக ஒதுங்கும் 1,900 எல்லாம் கூட்டினால் 14,300 வருகிறது. மீதி 3,200 ரூபாய் எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. திருப்பூர்ப் பக்கம் முகூர்த்த மாதங்களில் எத்தனை மண்டபங்கள் நிரம்புகின்றன என்பதைப் பார்த்தவன் என்ற முறையில், அதில் பெரும்பங்கு மொய்க்குப் போகிறது என்று ஊகிக்கிறேன். மொய்யை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அது நமக்குத் திரும்பி வரவேண்டிய பணமும் கூட. ஆகவே மாதம் 1,500 ரூபாயை மொய்க்கும் நல்லது கெட்டதுக்கும் என்று தனி உறையில் போட்டுவிட்டு, மீதி 16,000 ரூபாய்க்குத் திட்டமிடுவோம்.

பைக் தவணையும் சீட்டும் போக, முதல் ஏழு மாதம் நகைக்கடனுக்கு 8,000 ரூபாய் கட்டுங்கள். எட்டாம் மாதம் பைக் முடிந்ததும் அந்த 3,600 ரூபாய் வேறெங்கும் போகாமல் இதிலேயே சேர்ந்து 11,600 ஆகட்டும். பன்னிரண்டு மாதத்தில் சீட்டும் முடிந்தால் 16,000. ஒன்பதரை சதவீத வட்டியில் இப்படிக் கட்டிக்கொண்டு வந்தால், பன்னிரண்டாம் மாதத்தில் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். அண்ணன் மகள் திருமணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போகலாம். முழுக் கடனும் முப்பதாவது மாதத்தில் முடியும். அடுத்தடுத்த தீபாவளி போனஸ்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அவற்றில் பாதியைப் போட்டாலும் காலம் குறையும். பைக் கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கிக்கொள்ளுங்கள்.

சீட்டைத் தள்ளி (ஏலத்தில் கழிவு விட்டு) இப்போதே எடுக்க வேண்டாம். இப்போது 18,000 ரூபாய் தள்ளி எடுத்தால் 82,000 கைக்கு வரும். கடைசிவரை பொறுத்தால், நிறுவனத்தின் கமிஷன் 5,000 போக 95,000 வரும். ஓராண்டு முன்னதாக வாங்குவதற்காக 13,000 ரூபாயை விடுவது, ஏறத்தாழ 16 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம். ஒன்பதரை சதவீதத்தில் நகைக்கடன் இருக்கும்போது அது எதற்கு? உங்கள் சீட்டு பதிவு பெற்ற நிறுவனத்தில் இருப்பதால்தான் பொறுத்திருக்கச் சொல்கிறேன். 1982 ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் சீட்டுத்தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் வைக்க வேண்டும். தெருவில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி நடத்தும் சீட்டாக இருந்தால், இழப்பு வந்தாலும் முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

பன்னிரண்டு மாதம் கழித்து வரும் அந்த 95,000 ரூபாயைக் கடனில் போட உங்கள் கை துடிக்கும். போடாதீர்கள். உங்கள் வீட்டின் மூன்று மாதச் செலவு 1,03,500 ரூபாய். சீட்டுப்பணம் கிட்டத்தட்ட அதற்குச் சரியாக இருக்கிறது. இருவர் பெயரிலும் மூன்று சிறு நிரந்தர வைப்புகளாகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்ற இரண்டும் நிற்கும். மாமனாரின் மருத்துவமனைச் செலவில்தான் உங்கள் கடன்கதை தொடங்கியது. இப்போது வீட்டில் மாமியார் மருந்து சாப்பிடுகிறார். இந்தப் பணம் இல்லாமல் நகை மட்டும் வீட்டில் இருந்தால், அடுத்த அவசரத்தில் அது மீண்டும் அதே வங்கிக்குத்தான் போகும். உங்கள் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். இருந்தால் கணவரும் பிள்ளைகளும் அதில் மருத்துவம் பெறலாம். கணவர் பெயரில், வங்கிக் கணக்கின் வழியாகவே ஆண்டுக்கு 436 ரூபாயில் இரண்டு லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் இரண்டு லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் எடுக்கலாம். இரண்டும் மத்திய அரசின் திட்டங்கள்.

கடன் முடியும்வரை சேமிப்பு வேண்டாம் என்பதே பொதுவாக என் கருத்து. உங்கள் வீட்டில் அதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பெண் குழந்தைக்குப் பத்து வயது முடிவதற்குள்தான் தொடங்க முடியும்; கடன் முடியட்டும் என்று காத்திருந்தால் உங்கள் மகளுக்குப் பதினொன்று ஆகிவிடும். இந்த வாரமே அஞ்சலகத்துக்குப் போய் 250 ரூபாய் கட்டிக் கணக்கைத் தொடங்குங்கள். ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 250 கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும். 2024 ஜனவரியில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது; ஒன்பதரை சதவீதக் கடன் தலைக்குமேல் இருக்கும்போது அதற்குமேல் அதில் போடுவது வீண்.

முப்பது மாதம் கழித்து உங்கள் மகன் பத்தாம் வகுப்பை முடித்திருப்பான். அவன் கல்லூரிக்குப் போக அப்போது இரண்டே ஆண்டுகள் இருக்கும். மகளுக்கோ ஏழு ஆண்டுகள். எனவே 16,000 ரூபாயில் 9,000 ரூபாயை மகனுக்காக வங்கியில் இரண்டாண்டுத் தொடர் வைப்பில் போடுங்கள் (அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்கானது, உங்களுக்குப் பொருந்தாது). வட்டி சேராமலே 2,16,000 ரூபாய் நிற்கும். 3,000 ரூபாய் செல்வமகளுக்கு. மகள் பதினெட்டு வயதை எட்டியதும் மேற்படிப்புக்காக அதில் பாதிவரை எடுக்கலாம்.

மகனைப் பற்றி, கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பதினோராம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்ற யோசனை உங்கள் வீட்டிலும் வரும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல் முதலிய தொழிற்கல்விகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கடைசி இரண்டு ஆண்டுகளில் பெரும் கட்டணம் கொடுத்து, அந்தத் தகுதியையும் இழந்த பெற்றோரை எனக்குத் தெரியும்.

மீதி 4,000 ரூபாய் உங்கள் கணவரின் மனைக் கனவுக்கு. இப்போதே தவணையில் மனை வாங்குவது வேண்டாம்; அது இன்னொரு கடன்தான். சேர்ந்த பிறகு வாங்கும்போது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறேன். தண்டல்காரரிடம் பத்தாயிரம் என்று எழுதி, பிடித்தம் போக 8,500 ரூபாய் வாங்கி, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்டுகிறேன். முடிந்ததும் மறுபடி வாங்கித்தான் சரக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. ஆறு ஆண்டுகளாக இப்படியே போகிறது. இதிலிருந்து வெளியே வர வழி உண்டா?
– ஒரு வியாபாரி, விழுப்புரம்

பதில்: 8,500 ரூபாய்க்கு 1,500 வட்டி என்று பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. ஆனால், முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுவதால் அந்த நூறு நாளில் சராசரியாகப் பாதிப் பணம்தான் உங்கள் கையில் இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 120 சதவீத வட்டி. ஆண்டுக்கு மூன்று தண்டல் என்று வைத்தாலும் ஆறு ஆண்டுகளில் 27,000 ரூபாய் கொடுத்திருப்பீர்கள். அது உங்கள் சரக்கு முதலைப்போல் மூன்று மடங்கு.

ஆனால், ஆறு ஆண்டுகளாக மழையிலும் பண்டிகையிலும் தினம் நூறு ரூபாய் எடுத்துவைத்த கை உங்களுடையது. இந்தத் தண்டல் முடிவதற்குள், மத்திய அரசின் தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடனுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். 2020 இல் முதல் கடன் 10,000 ரூபாய் என்று தொடங்கிய திட்டம் அது. 2025 இல் அத்தொகையை 15,000 ஆக உயர்த்தினார்கள். பிணை தேவையில்லை, தவணையை ஒழுங்காகக் கட்டினால் ஏழு சதவீத வட்டி மானியமும் உண்டு. நகராட்சி தந்த வியாபாரி அடையாள அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு, நகராட்சி அலுவலகத்திலோ உங்கள் வங்கிக் கிளையிலோ கேளுங்கள்.

தண்டல் முடிந்த மறுநாளும் அதே நூறு ரூபாயை எடுத்துவையுங்கள். ஸ்வநிதிக் கடனின் மாதத் தவணை போக மிஞ்சுவதை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வாரம் ஒருமுறை போட்டுவாருங்கள். ஓராண்டில் உங்கள் சரக்கு முதல் உங்களுடையதாக இருக்கும். தண்டல்காரர் மிரட்டினாலோ வண்டியைப் பிடித்து வைத்தாலோ பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 54, தனியார் நிறுவனத்தில் வேலை. அடுத்த மாதம் வீட்டுக்கடனின் கடைசித் தவணை. வங்கியில் என்னென்ன வாங்க வேண்டும், இதுவரை மாதந்தோறும் கட்டிய 21,000 ரூபாயை இனி என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கடன் முழுவதும் அடைந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 இல் உத்தரவிட்டது, அதே ஆண்டு டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். கடன் வாங்கியபோது வங்கி கொடுத்த ஆவணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தாய்ப்பத்திரம் முதல் ஒவ்வொன்றையும் அங்கேயே பக்கம் எண்ணிச் சரிபார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். கூடவே நிலுவையில்லாச் சான்றையும் வாங்குங்கள்.

பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். பத்திரத்தை ஒப்படைத்து ஈடு வைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் இருபது ஆண்டு கழித்து உங்கள் பிள்ளை வீட்டை விற்கப் போகும்போது வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் இன்னும் நிற்கும். ரசீது பதிவான பிறகு ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து, ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை எடுத்து, கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

ஓய்வுக்கு நான்கைந்து ஆண்டுகளே இருப்பதால் 21,000 ரூபாயில் துணிகரம் எதுவும் வேண்டாம். வருங்கால வைப்புநிதியில் உங்கள் விருப்பப்படி கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி, மாதம் 10,000 ரூபாயை அதில் சேர்க்கலாம். 2024-25 ஆம் ஆண்டுக்கு அதன் வட்டி 8.25 சதவீதம். உங்கள் பங்களிப்பு மொத்தமாக ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையின் வட்டிக்கு வரி உண்டு. பல நிறுவனங்கள் இந்த மாற்றத்தை ஏப்ரலில்தான் ஏற்கும் என்பதால், இப்போதே சம்பளப் பிரிவில் கேட்டுவையுங்கள். மீதி 11,000 ரூபாயைத் தவணை போய்க்கொண்டிருந்த அதே தேதியில் தொடர் வைப்புக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைசித் தவணை கழிந்த அடுத்த மாதமே தொடங்கட்டும்.